சித்தப்பாவின் 118

வணக்கம் நேயர்களே. சிறுநீரகத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு வானொலியை அணைக்கத் தோன்றியிருக்கும். உப்பைக் குறை, சீனியைக் குறை என்று இவளும் திட்டப் போகிறாள் என்ற பயம். இன்றைக்குத் திட்டுவதாக இல்லை. என் சித்தப்பாவின் கதையைச் சொல்லப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன். "பேரை மட்டும் சொல்லிடாதம்மா" என்றார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசம். சித்தப்பாவுக்கு அப்போது 62 வயது. இனிப்பு நீர் உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, இரண்டுக்கும் மாத்திரை உண்டு. பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விரதம் என்று முந்தின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. பினாங்கு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலை பத்து மணிக்கே தார்ச்சாலை காலைப் பொசுக்கும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்தான். ஆனாலும் குடம் தலையில் இருக்கும்வரை ஒரு சொட்டு குடிக்க மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறி இறங்கினார். அன்று இரவு முட்டிவலிக்கு ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் மறக்கவில்லை, அதிலெல்லாம் அவர் கெட்டி.

இதைச் சிறுநீரகத்தின் பக்கமிருந்து பார்ப்போம். ஒன்று 150 கிராம் தேறும், அவ்வளவுதான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும்தான் போகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் வடிகிறது. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் போல. மீதி முழுவதையும் நுண்குழாய்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. உடம்பில் நீர் வற்றும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருளைச் சுரந்து, ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சிறுநீரகம் விரித்து வைத்துக்கொள்ளும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது சரியாக அந்தப் பொருளைத்தான். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவோ, 'பிரில்' என்றும் 'சார்ட்டான்' என்றும் பெயர் முடியுமே அவை, ரத்தம் வெளியே போகும் குழாயைத் தளர்த்திவிடும். வரும் வாசல் சுருங்கி, போகும் வாசல் அகன்றுவிட்டால் வடிகட்டுவதற்கு அழுத்தம் ஏது? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல மாத்திரைகள். இதைக் கேட்டுவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடமோ மருந்தகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் குமட்டல், அசதி. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு, லிட்டருக்கு 118 மைக்ரோமோல். "கொஞ்சம் கூட இருக்கு, இந்த வயசுக்குச் சகஜம்தான், தண்ணி நல்லா குடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கால் வீங்கி, சிறுநீர் அநேகமாக நின்றே போய், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது அது 486.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அப்புறம் சின்னம்மா பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். கரண்ட் பில், கோவில் ரசீது, அதற்கடியில் ஆறு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு. கிரியேட்டினின் 74. இப்போது கணக்குப் போடுங்கள். ஏழு நாளைக்குள் ஒருவருடைய வழக்கமான அளவைப் போல ஒன்றரை மடங்கு ஏறிவிட்டாலே, அதைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்ல வேண்டும் என்பது 2012-லிருந்து உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறை. 74-க்கு ஒன்றரை மடங்கு 111. சித்தப்பாவின் 118 அன்றைக்கே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் 74 டின்னில் இருந்தது, 118 கிளினிக்கில் இருந்தது.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வேலையை நிறுத்திய அந்த நிமிடமே அது ரத்தத்தில் ஏறிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அந்த ஒன்றிரண்டு நாளில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக்கு மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சின்ன கிளிப்பால் பிடிப்போம். அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான். பிடித்த மாத்திரத்தில் சிவப்பாக இருந்தது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். கிளிப்பை எடுத்தால், நம் கண் முன்னாலேயே மறுபடி இளஞ்சிவப்பு திரும்பும். முதன்முதலில் பார்த்தபோது, அப்பாடா, பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, மோசமான சேதம் ரத்தம் திரும்பி வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று. எலியின் உடல் சூடு ஒரு பாகை இறங்கினாலே முடிவு மாறிவிடும். அதனால் சூட்டுப் பலகையை விட்டு நகர முடியாது. பசியாறக்கூடப் போக விட மாட்டேன் என்று என் மாணவர்களுக்கு என்மேல் குறை.

ரத்தம் திரும்பியதும் ஏன் சேதம்? உடைந்து சாகும் செல்கள் தம் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுகின்றன. வெள்ளை அணுக்களுக்கு அதுதான் அபாயச் சங்கு. கிருமி ஒன்றுகூட இல்லாத இடத்துக்கு, கிருமி வந்தது போலவே பதறி ஓடி வருகின்றன. சில மணி நேரத்தில் முதலில் வருவது நியூட்ரோஃபில் என்ற வகை. பினாங்குப் பாலத்தில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனசோடு பத்துப் பேர் காடியை நிறுத்தி இறங்குகிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டே நிற்கிறது, உள்ளே நுழைய வழியில்லை. சிறுநீரகத்தின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களில் அப்படியே நடக்கிறது. வீக்கமும், வந்து குவிந்த அணுக்களும் பாதையை அடைக்க, ஏற்கெனவே ஆக்ஸிஜன் பற்றாத இடத்தில் இன்னும் பற்றாமல் போகிறது.

அப்படியானால் வெள்ளை அணுக்களை வர விடாமல் தடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளை அணு வருகிறது, இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. 1882-ல் மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்து நின்றன. விழுங்கும் செல்களைப் பற்றிய நம் புரிதல் அங்கே தொடங்கியது. சிறுநீரகத்தில் இந்தச் செல் செய்யும் காரியம் வேடிக்கையானது. 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தது இது: பாதிப்புக்கு முன்பே மேக்ரோஃபேஜ்களை நீக்கினால் சேதம் குறைகிறது. மூன்று நான்கு நாள் கழித்து நீக்கினால் குணமாவது தாமதமாகிறது. முதல் நாள் சண்டை போட்ட அதே கூட்டம், பிறகு குப்பையை அள்ளி, குழாய்ச் செல்களைத் திரும்ப வளரச் சொல்லித் தூண்டுகிறது. சில வேளை வேலை முடிந்தும் கிளம்பாமல் அங்கேயே தங்கிவிடும். தங்கினால் தழும்பு விழும்.

ஆக, கேள்வி எதைத் தடுப்பது என்பதல்ல, எந்த நாளில் என்பது. எலிக்கு அந்த நாள் எனக்குத் தெரியும், கிளிப் போட்டதே நான்தான். சித்தப்பாவுக்கு? படியேறிய போதா, இரண்டாவது மாத்திரையின் போதா? எலியில் பலித்த மருந்துகள் வரிசையாக மனிதரிடம் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைக் குணமாக்க என்று தனியாக ஒரு மருந்து இன்னும் கிடையாது. கிரியேட்டினினுக்கு முன்பே வாய் திறக்கும் ஒன்றைத் தேடுகிறோம். என்கேல் என்ற புரதம் அப்படி ஒன்று. 2005-ல் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளிடம், இரண்டே மணி நேரத்தில் அது சிறுநீரில் ஏறியதைப் பார்த்தார்கள். ஆனால் அங்கே கத்தி வைத்த நேரம் கடிகாரத்தில் இருந்தது. பெரியவர்களிடம், அதுவும் பல நோய் சேர்ந்தவர்களிடம், அது அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

சித்தப்பாவுக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள். பத்தாம் நாள் சிறுநீர் பெருகி வந்தபோது, தாதி அளவுக் குவளையைத் தூக்கிக் காட்டினாராம். சின்னம்மா இன்றைக்கும் கையால் அளவு காட்டிக்கொண்டே அதைச் சொல்லுவார். மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது முறை. வீடு திரும்பியவர்களில் நிறைய பேர் இதற்குப் போவதில்லை. நான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கிரியேட்டினின் 92.

இப்போது தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்பவர்களை விடுவதில்லை. ரத்தச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு பையில் போட்டு, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிறார். போன மாதம் வீட்டுக்கு வந்தவர், இரண்டு சீட்டை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். "முன்னாடி 74. இப்ப 92. நல்லாயிட்டேன்னு எல்லாரும் சொல்றீங்க. அப்ப இந்த 18 ஏம்மா இறங்கல?"

குழாய்களுக்கு நடுவே விழுந்த தழும்பை அவருக்குப் படம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் எலியை வெச்சிக்கிட்டு இருக்கியா?" என்றார்.

ஆமாம் சித்தப்பா என்றேன்.