16 டன் கதவும் ஒரு விரலும்

வணக்கம் நண்பர்களே. மண்டபத்தில் தென்கடல் பக்கம் நிற்கிறேன். கச்சான் காற்று மைக்கைப் பிடுங்குகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வெற்றிடம், உள்ளே காற்று. அப்படியிருக்க விண்கலம் ஏன் வெடித்துச் சிதறுவதில்லை? இதைக் கேட்டவர் கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகும் ஓர் அண்ணன்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் இருப்பது இந்தக் கரையில் இருக்கும் அதே அழுத்தம்தான், ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். கடலில் 10 மீட்டர், அதாவது ஐந்தரைப் பாகம் இறங்கினால் உடம்பின் மேல் கூடுவதும் அவ்வளவே. "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் அண்ணன். அவருக்கு அது அன்றாடப் பிழைப்பு! திசைதான் வேறு: கடல் உள்நோக்கி நெருக்கும், கலத்தின் காற்று வெளிநோக்கித் தள்ளும். சில மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியச் சுவரே அதைத் தாங்கிவிடுகிறது.

எனக்கு வியப்பு கதவின் மேல்தான். நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் உள்ள சதுரக் கதவு சுமார் 1.27 மீட்டர் அகலம். மறுபக்கம் வெற்றிடமானால் அதன்மேல் விழும் விசை ஏறக்குறைய 16 டன். எந்தத் தாழ்ப்பாளை நம்புவது? அதனால் காற்று இருக்கும் பக்கமாகவே திறக்கும்படி செய்திருக்கிறார்கள். உள்மூடி குக்கரில் ஆவி ஏற ஏற மூடி இறுகுகிறதல்லவா, அதே வித்தை. இடுக்கை அடைப்பது ரப்பர் வளையம். புதிதாக ஒரு கலம் வந்து இணைந்தால் உடனே திறந்துவிட மாட்டார்கள். இரு கதவுகளுக்கும் இடையே காற்றை நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள்.

வெடிப்பதெல்லாம் சினிமாவில். உண்மையில் பயப்பட வேண்டியது கசிவுக்கு. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 என்ற சோவியத் விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது, தரையை நெருங்கிய பிறகு திறக்க வேண்டிய வால்வு ஒன்று 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. உள்ளிருந்த காற்று வெளியேறி, விண்வெளி வீரர்கள் தொப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் மூவரும் இறந்துபோனார்கள். மூவர் உட்கார்ந்தால் அழுத்த உடைக்கு இடம் போதாது என்று உடையில்லாமலே அனுப்பியிருந்தார்கள். கலம் பழுதில்லாமல் வந்து இறங்கியது. அதன் பிறகுதான் உடை கட்டாயமானது.

2018 ஆகஸ்டில் நிலையத்தின் அழுத்தம் மெல்லக் குறைந்தது. தேடினால், இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் ஓட்டை! ஜெர்மானிய வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் விரலை வைத்து அடைத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கதவில் 16 டன்னாக நிற்கும் அதே அழுத்தம், அந்தச் சின்னப் பரப்பில் 32 கிராம்தான். பிறகு எபாக்சி பசை வைத்து அடைத்துவிட்டார்கள். போன காற்றை ஈடுகட்டத் தொட்டிகளில் நைட்ரஜன் இருக்கிறது. ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.

ஆனால் அமெரிக்க விண்நடை உடைக்குள் அழுத்தம் நிலையத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் மூச்சு எப்படி விடுகிறார்கள் என்பதை அடுத்த காணொளியில் சொல்கிறேன்.