புதுச்செவ்வியல் காலத்தின் பெரும் பேறு உரைநடையே

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

1660இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்துக்குத் திரும்பியதிலிருந்து 1784இல் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் மறைந்தது வரை உள்ள, பழைய கிரேக்க, ரோமானிய இலக்கிய விதிகளைப் போற்றிய புதுச்செவ்வியல் கால ஆங்கில இலக்கியத்தை முன்வைத்து, ‘அந்தக் காலம் விட்டுச்சென்ற பெரும் பேறு கவிதையா, உரைநடையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கவிஞர் அலெக்சாண்டர் போப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ‘விதிக்குள் நின்று ஈரடியைச் செதுக்கியவர் அவர், உரைநடையோ பத்திரிகைக்கும் கட்சிச் சண்டைக்கும் ஊழியம் செய்தது’ என்றார்.

போப்பைக் குறைத்துப் பேச நான் எழவில்லை. ‘டிரைடனும் போப்பும் நம் கவிதையின் செவ்வியலாளர்கள் அல்லர், நம் உரைநடையின் செவ்வியலாளர்கள்’ என்று அவரையும் அவருக்கு முந்தைய கவிஞர் ஜான் டிரைடனையும் பற்றி 1880இல் திறனாய்வாளர் மேத்யூ ஆர்னால்ட் எழுதினார். என் அணிக்கு வசதியான தீர்ப்புதான். ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. 1714இல் ஐந்து காண்டங்களாக விரிந்த ‘தி ரேப் ஆஃப் த லாக்’ கவிதையில், மூன்று நாடுகள் பணியும் ஆன் அரசி ஹாம்ப்டன் மாளிகையில் சில வேளை ஆலோசனை எடுத்துக்கொள்கிறாள், சில வேளை தேநீர் எடுத்துக்கொள்கிறாள். ஒரே வினையை ஆட்சிக்கும் கோப்பைக்கும் பொதுவாக்கி, ஓர் அரசவையின் அளவையே அடிமுடிவில் மாற்றிவிடுகிறார். இது கவிதைதான், உயர்ந்த கவிதைதான்.

என் கேள்வி வேறு. பேறு என்றால் அடுத்தவர் எடுத்துக் கையாளக்கூடியதாக இருக்க வேண்டும். போப்பின் ஈரடியை அவருக்குப் பின் வந்தவர்களால் என்ன செய்ய முடிந்தது?

‘ஹீரோயிக் கப்லெட்’ எனப்படும் அந்த ஈரடியின் அமைப்பைப் பாருங்கள். அடிக்கு 10 அசை, அழுத்தம் ஐந்து, இரண்டு அடிக்கும் ஈற்றில் இயைபு, அதாவது ஒத்த ஓசை, நாலாவது அல்லது ஐந்தாவது அசையை ஒட்டி ஒரு நிறுத்தம், இரண்டாம் அடி முடியும்போது பொருளும் முடிய வேண்டும். ஆக, எந்த எண்ணமும் 20 அசைக்குள் அடங்கியாக வேண்டும். அதில் எவையெல்லாம் கெடும் என்று 1711இல் ‘திறனாய்வு பற்றிய கட்டுரை’யில் போப்பே வரிசையாகச் சொல்கிறார்: அசை குறைந்தால் இட்டு நிரப்ப வெற்று வினைச்சொல் வரும், பத்துச் சின்னச் சொற்கள் ஒரு மந்தமான அடியில் ஊர்ந்துபோகும், ஓர் அடி ‘பிரீஸ்’ என்று முடிந்தால் அடுத்தது ‘ட்ரீஸ்’ என்றுதான் முடியும், கடைசியில் 12 அசை அடி ஒன்று அடிபட்ட பாம்பாக நீண்டு இழுபடும். நோய்களைப் பட்டியலிட்டவர் கையில் மருந்தும் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை.

அதற்குச் சாட்சி கவிஞர் வில்லியம் கூப்பர். 1782இல் அவர் எழுதினார்: போப் தம் நுட்பமான செவியால் கவிதையை வெறும் இயந்திரக் கலை ஆக்கிவிட்டார், இன்று ஒவ்வொரு பாடகனுக்கும் அவருடைய மெட்டு மனப்பாடம் என்று. சொல்லிவிட்டு, 1785இல் ‘தி டாஸ்க்’ என்ற பெரிய கவிதையை இயைபில்லாத செய்யுளில் எழுதினார். கோல்ட்ஸ்மித்தும் கிராப்பும் ஈரடியில் நல்ல கவிதைகள் தந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தாம்சன், கிரே, காலின்ஸ், கூப்பர் என்று கவிதையின் பெரும்பகுதி வேறு வடிவம் தேடி நடந்துவிட்டது.

இன்னும் முன்னால் போகலாம். ஜான் டிரைடன் 1668இல் ‘நாடகக் கவிதை பற்றிய கட்டுரை’ எழுதினார். 1665 ஜூன் 3, டச்சுக்காரர்களோடு கடற்போர் நடந்த நாள். பீரங்கி ஓசை கேட்கும் தேம்ஸ் நதியில் ஒரு படகு. அதில் நால்வர் வாதம் செய்கிறார்கள். பழையவர்களா புதியவர்களா, பிரெஞ்சு நாடகமா ஆங்கில நாடகமா, நாடகத்துக்கு இயைபு வேண்டுமா வேண்டாமா? அங்கே டிரைடனின் குரலாகப் பேசும் நியாண்டர் இயைபுக்காகத்தான் வாதாடுகிறார். பத்து ஆண்டுக்குள் அதே டிரைடன், நெடுநாள் காதலித்த இயைபு தமக்குச் சலித்துவிட்டது என்று ‘ஔரங்கசீப்’ நாடகத்தின் முன்னுரைச் செய்யுளிலேயே சொல்லிவிட்டு, ‘ஆல் ஃபார் லவ்’ நாடகத்தை இயைபின்றி எழுதினார். அந்தக் கட்டுரையின் உரைநடையையோ அவர் கடைசிவரை கைவிடவில்லை. இறந்த ஆண்டான 1700இல், பழங்கவிஞர் சாசரைப் புகழ்ந்து எழுதிய முன்னுரை வரை அது கூர்மையாகிக்கொண்டே போனது.

அந்த உரைநடை எங்கிருந்து வந்தது? லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி தன் உறுப்பினர்களிடம் நெருக்கமான, ஆடை அணி இல்லாத, இயல்பான பேச்சை எதிர்பார்த்தது. புலவர் மொழியைவிடக் கைவினைஞர், நாட்டுப்புறத்தார், வணிகர் மொழியே மேல் என்றது. 1667இல் அச்சங்கத்தின் வரலாற்றில் தாமஸ் ஸ்ப்ராட் இதை எழுதிவைத்தார். டிரைடன் அந்தச் சங்கத்தின் உறுப்பினர், ஆங்கிலத்தைச் சீர்திருத்த அது அமைத்த குழுவிலும் இருந்தவர். பிறகு 1695இல், அச்சிடுவதற்கு முன் அனுமதி பெறச் சொன்ன அச்சு உரிமச் சட்டம் காலாவதியானது. அச்சகங்கள் பெருகின, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய எழுத்துக்குத் தேவை வந்தது.

அந்தத் தேவையிலிருந்து 1711 மார்ச் 1 அன்று ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் பிறந்தது. ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் அச்சு, ஞாயிறு தவிர நாள்தோறும், விலை ஒரு பென்னி. பத்தாவது இதழில், அதை நடத்தியவர்களில் ஒருவரான அடிசன், தினம் 3,000 படிகள் போவதாகச் சொல்லி, படிக்கு 20 வாசகர் என்று கணக்கிடுகிறார். தத்துவத்தை நூலகத்திலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வெளியே கொண்டுவந்து காபி இல்லத்திலும் தேநீர் மேசையிலும் குடியமர்த்துவதே தம் ஆசை என்கிறார். எதிரணி கொண்டாடிய போப்பின் இலியத் (ஹோமரின் காவியம்) மொழிபெயர்ப்பு 1715 முதல் ஆறு தொகுதிகளாக வந்தது. முன்பதிவு செய்தவர்களுக்குத் தொகுதிக்கு ஒரு கினி என்ற தங்க நாணயம் விலை. அந்த ஒரு கினிக்கு 250க்கும் மேற்பட்ட ஸ்பெக்டேட்டர் இதழ்களை வாங்கலாம். விலை இலக்கியத் தரத்தைத் தீர்மானிக்காது, சரி. ஆனால் மில்டனின் ‘இழந்த சொர்க்கத்தை’ அந்த ஒரு பென்னித் தாளில்தான் அடிசன் 1712இல் சனிக்கிழமை தோறும் 18 கட்டுரைகளாக விளக்கினார். கவிதைக்கு வாசகரைத் தேடிக்கொடுத்த ஊழியத்தை எதிரணி குறையாகச் சொல்லலாமா?

அந்த உரைநடையை அடுத்தவர் எப்படிக் கையிலெடுத்தார் என்பதற்குத் திட்டமான ஆதாரம் இருக்கிறது. பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் பழகுநராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு ஸ்பெக்டேட்டரின் ஒற்றைத் தொகுதி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டார். சில நாள் ஒதுக்கிவைத்தார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் கட்டுரையை எழுதி, ஒப்பிட்டுப் பிழை திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் சிலவற்றைச் செய்யுளாக்கி, மறந்தபின் மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தி, எண்ணங்களை அடுக்கும் முறையைப் பழகினார். இங்கே செய்யுள் பயிற்சிச் சாதனம், உரைநடை இலக்கு. போப்பைப் பின்பற்றியவர்களுக்கு மெட்டு கிடைத்தது. அடிசனைப் பின்பற்றியவருக்குச் சிந்திக்கும் ஒழுங்கு கிடைத்தது.

‘அங்கதத்தில் ஈரடிக்கு நிகருண்டா?’ என்றும் கேட்டார்கள். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729இல் டப்ளினில் வெளியிட்ட ‘ஓர் எளிய யோசனை’யை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் மக்கள்தொகை 15 லட்சம் என்று கணக்கைத் தொடங்குகிறது, அதில் யோசனை சொல்பவராகப் பேசும் கற்பனைக் குரல். பிள்ளை பெறும் தம்பதியர் 2,00,000. வளர்க்க வசதியுள்ள 30,000 தம்பதியரைக் கழி, மீதி 1,70,000. கருச்சிதைவுக்கும் ஓராண்டுக்குள் இறப்பதற்கும் 50,000 கழி. ஏழைப் பிள்ளைகள் 1,20,000. இனப்பெருக்கத்துக்கு 20,000ஐ நிறுத்திவைத்து, மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதில் உணவாக விற்கலாம். பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டு, ஓராண்டில் 28 பவுண்டு. வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு நிகர லாபம் 8 ஷில்லிங்.

இந்தக் கணக்கில் கழித்தல் பிழை ஒன்றுகூட இல்லை. பயங்கரமே அதுதான். பொருளாதார எழுத்தாளர் வில்லியம் பெட்டி போன்றோர் மக்களை எண்களாக எழுதிய அறிக்கை நடையை அப்படியே எடுத்து, குரல் உயராமல், கண் சிமிட்டாமல் கடைசிவரை கொண்டுபோகிறார். ஈரடியில் இது நடக்காது. ஒவ்வொரு 20 அசைக்கும் ஒருமுறை இயைபு ஒலித்து ‘கவிஞர் இங்கே இருக்கிறார்’ என்று நினைவூட்டிவிடும். வாசகர் அந்த அறிக்கையை நம்பத் தொடங்கி, நம்பிய அளவுக்கு அதிர வேண்டுமென்றால் கவிஞர் மறைந்தாக வேண்டும். ஊரில் வாழாமல் வாடகை மட்டும் வாங்கும் நிலவுடைமையாளர்மீது வரி போடு, உள்நாட்டுப் பொருளையே பயன்படுத்து என்ற உண்மையான தீர்வுகளையெல்லாம், ‘இவற்றைப் பற்றி யாரும் என்னிடம் பேசவேண்டாம்’ என்று ஒரே பத்தியில் தள்ளிவிடுகிறாரே, ஸ்விஃப்டின் கோபம் முழுவதும் அந்தத் தள்ளலில் இருக்கிறது.

உரைநடை எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடவும் இல்லை. ‘கொச்சையில்லாத எளிமையும் பகட்டில்லாத நயமும் வேண்டுவோர் அடிசனின் நூல்களோடு இரவு பகல் கழிக்கட்டும்’ என்று எழுதிய ஜான்சனின் நடை, அடிசன் நடையே அல்ல. நீண்டு, எடை கூடி, சமநிலையில் நிற்கும் வாக்கியங்கள் அவருடையவை. அகராதிப் பணியில் கைகொடுக்காமல், அது முடியும் வேளையில் புகழ வந்த செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு 1755 பிப்ரவரி 7 அன்று அவர் எழுதிய கடிதத்தைப் படியுங்கள். நீரில் உயிருக்குப் போராடுபவனைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்து, கரையேறிய பிறகு உதவியால் அவனுக்குச் சுமையாகிறவர்தானா புரவலர் என்று கேட்கிறார். எழுத்தாளன் புரவலரை நிமிர்ந்து பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வி உரைநடையில்தான் வந்தது.

டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வில் தொடங்கி ஃபீல்டிங் வரை இந்த உரைநடையிலிருந்து நாவல் எப்படி எழுந்தது என்பதை என் அணியின் அடுத்த பேச்சாளர் விரித்துரைப்பார். அவருக்கு இடம் விட்டு அமர்கிறேன். நன்றி.