தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்தால் போதும், என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "சார், தளம் ஒழுகுது. இடிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். கட்டடப் பொறியாளராக முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் போனில் பதில் சொல்வதில்லை. ஏன் என்று புரிய, கும்பகோணத்தில் ஒரே தெருவில் நான் பார்த்த இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். இரண்டுமே எண்பதுகளில் கட்டியவை.

முதல் வீட்டில் கூடத்தின் நடுவே வாளி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அரை வாளி நிறையுமாம். மொட்டை மாடிக்கு ஏறினால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டிருந்தன. கையை விட்டு எடுத்ததும் தண்ணீர் மளமளவென்று வடிந்துவிட்டது. மாடித் தரையில் பதித்த தட்டோடுகளுக்கு நடுவே பூச்சு விட்டுப்போயிருந்த இடங்களை, வெயில் அடித்த பிறகு கொத்தனாரை வைத்து அடைத்தோம். கைப்பிடிச் சுவரில் வேர் விட்டிருந்த அரசங்கன்றையும் பிடுங்கினோம். வேலை முடிந்தது. அந்தத் தளத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அவர்கள் என்னைக் கூப்பிட்டதே மாடியில் ஓர் அறை எடுக்கலாமா என்று கேட்கத்தான். படுக்கையறை சீலிங்கை நிமிர்ந்து பார்த்தேன். அரை அடிக்கு ஒன்றாக, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர் நேராக மெல்லிய விரிசல்கள். அங்கங்கே பழுப்புக் கறை. "பெயிண்ட் சரியில்லை சார்" என்றார் வீட்டுக்காரர். ஏணி போட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். நல்ல கான்கிரீட் டங் டங் என்று கெட்டியாகப் பேசும். இது பொத்துப் பொத்தென்றது. நாலாவது தட்டில் தாம்பாளம் அளவுக்கு ஒரு சில்லு விழுந்தது. உள்ளே கம்பி, அப்பளம் போல ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது.

கான்கிரீட்டுக்கு இயல்பிலேயே காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கிற கம்பி எளிதில் துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே புகுந்து அந்தக் காரத்தை மெல்லக் குறைக்கும். கம்பிவரை அது வந்து சேர்ந்த பிறகு கொஞ்சம் ஈரம் கிடைத்தால் துரு தொடங்கிவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்வதால் இன்னும் சீக்கிரம். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்த நேர்கோட்டு விரிசல்கள் கம்பி போகும் பாதைதான்.

தளத்தில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை சொல்கிறது. அந்தக் காலத்தில் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையெல்லாம் யார் வைத்தார்கள்? கலவையைத் தாங்க அடிக்கிற சென்ட்ரிங் பலகை மேலேயே கம்பியைக் கிடத்திக் கலவையைக் கொட்டிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் 5 மில்லிமீட்டர்கூட இல்லை.

சரி, கம்பி இவ்வளவு கெட்டும் ஏன் ஒழுகவில்லை? மூன்று வருடத்துக்கு முன்னால் ஒழுகியிருக்கிறது. அப்போது யாரோ சொன்னார்கள் என்று பழைய தட்டோட்டின் மேலேயே இரண்டு அங்குலத்துக்குக் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ஒழுகல் நின்றது, துரு நிற்கவில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 600 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கலவை என்றால் சுமார் 6 டன். இளைத்துக்கொண்டிருக்கிற கம்பியின் தலையில் இரண்டு யானையை ஏற்றி நிறுத்திய மாதிரி. 8 மில்லிமீட்டர் கம்பி துருப்பிடித்து 6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால், பார்க்கக் கால்வாசிதான் குறைந்தது போல இருக்கும். குறுக்கு வெட்டுப் பரப்பில் 44 சதவீதம் போய்விட்டது என்பதுதான் கணக்கு.

ஓர் ஓரத்தில் ஓரிரு இடம் மட்டும் பெயர்ந்திருந்தால் கொத்தி, கம்பியைத் துரு போகத் தேய்த்து, அதற்கென்று உள்ள கலவையால் அடைத்துவிடலாம். அறையில் மூன்றில் ஒரு பங்கு பொத்தென்று ஒலித்து, கம்பியும் இளைத்திருந்தால் ஒட்டுப்போடச் சொல்ல மாட்டேன். இது என் கைக்கணக்கு. உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தும் பார்ப்போம். காரம் இருந்தால் ரோஜா நிறமாகும், போயிருந்தால் நிறம் மாறாது. சுவருக்குச் சுவர் நூல் பிடித்தால் தளம் தொய்ந்திருப்பதும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் அன்றைக்கே முட்டுக் கொடுத்து, கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். பங்குனியில் தளத்தை இடித்து எடுத்தோம்.

நீங்களே தட்டிப் பார்ப்பதானால் நேர் கீழே நிற்காதீர்கள். பைக் ஹெல்மெட்டையாவது மாட்டிக்கொள்ளுங்கள். சன்ஷேடிலிருந்து தொடங்குங்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்டவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஷீட் வெடித்து, ஓரம் பஞ்சு பஞ்சாக உதிர ஆரம்பித்தால் மாற்ற வேண்டியதுதான். அதை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அறுத்தாலும் உடைத்தாலும் வருகிற தூள் நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழுசாக இறக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பழைய ஷீட்டில் கால் வைத்து உள்ளே விழுந்தவர்களும் உண்டு.

அப்புறம் ஓட்டு வீடு. எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் என்ற பாதிரிமார் அமைப்பு 1860களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நாம் சீமை ஓடு என்கிற அந்த ஓடு நம் ஊர்க் கூரைகளிலும் ஏறியது. நன்றாக வெந்த ஓட்டுக்கு ஆயுசு கெட்டி. விரலால் சுண்டினால் கணீர் என்கிறதா, அதைத் தூக்கிப் போடாதீர்கள். கெடுவது பெரும்பாலும் அதைத் தாங்குகிற மரம். தெருவில் எதிர்ச்சாரியில் நின்று முகட்டைப் பாருங்கள். கூன் விழுந்திருந்தால் உள்ளே ஏதோ கைவிட்டிருக்கிறது. கூரையில் சாய்வாக ஓடுகிற கைமரம் சுவருக்குள் நுழைகிற முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். ஈரச் சுவருக்குள் காற்றில்லாமல் கிடக்கிற அந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். நடுவில் இரும்பு மாதிரி இருக்கிற மரம், அங்கே வெண்ணெய் மாதிரி உள்வாங்கும்.

சுவாமிமலைப் பக்கம் ஓர் அம்மா, ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடத் தீர்மானித்துவிட்டார். மண் சாந்தில் எழுப்பிய சுவர். ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். ஓட்டுக் கூரை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சுவர் தாங்காது என்று சொன்னதும், "அப்ப என்னதான் தம்பி பண்றது?" என்றார். கைமரம் ஒன்பது, ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான ரீப்பர் முழுவதும் மாற்றினோம். இறக்கிய ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, உடைந்ததற்கு மட்டும் புதிது வாங்கித் திரும்ப அடுக்கினோம்.

போன மாதம் பேசினார். ஒழுகவில்லையாம். கோயில் குரங்குகள்தான் காலையும் மாலையும் ஓட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகின்றனவாம். அதற்கு எங்கள் படிப்பில் வழி இல்லை.

வணக்கம்.