தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் தலைவரா? கிடையவே கிடையாது

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக கன்சர்வேட்டிவ் அசோசியேஷன் பத்திப் பார்ப்போம். சுருக்கமா ஓயூசிஏ. 1924ல ஆரம்பிச்ச மாணவர் சங்கம். இதோட முன்னாள் பிரபலங்கள் பட்டியல்ல பாதிக் குழப்பம் ஒரே இடத்துல வரும்: ஆக்ஸ்ஃபோர்டு யூனியனையும் இதையும் ஒண்ணாக் கலந்துடுவாங்க.

யூனியன் 1823ல தொடங்கின விவாத மன்றம். எந்தக் கட்சிக்காரரும் சேரலாம். அங்க ஓட்டுப் போடுறதே கதவு வழியாத்தான்: தீர்மானத்தை ஆதரிச்சா வலது கதவு, எதிர்த்தா இடது கதவு, அப்படியே வெளிய நடந்துட வேண்டியதுதான். ஓயூசிஏ அப்படியில்ல, பிரிட்டனோட கன்சர்வேட்டிவ் கட்சியைச் சார்ந்தது.

பின்னாள்ல பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சரை எடுத்துக்குங்க. சோமர்வில் கல்லூரியில வேதியியல் படிச்சுட்டே 1946ல ஓயூசிஏ தலைவர் ஆனாங்க. யூனியன் தலைவர்னு எங்கயாவது எழுதியிருந்தா அந்தப் பட்டியலை நம்பாதீங்க. பெண்களை யூனியன் முழு உறுப்பினரா சேர்த்ததே 1963லதான்! அன்னைக்கு ஒரு மாணவிக்கு அரசியல் பழக, கட்சிச் சங்கம்தான் வழி. இன்னொரு பின்னாள் பிரதமர் எட்வர்டு ஹீத்துக்கு அந்தத் தடை இல்ல. 1937ல ஓயூசிஏ, 1939ல யூனியன், ரெண்டுலயும் தலைவர்.

அடுத்த சிக்கல் வருஷம். ஆக்ஸ்ஃபோர்டுல வருஷத்துக்கு மூணு பருவம்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. ஒவ்வொண்ணுலயும் பாடம் நடக்கறது எட்டு வாரம். யூனியன் தலைவர் பதவி ஒரே ஒரு பருவம். அதனால '1986 தலைவர்'னு மட்டும் சொன்னா மூணு பேர்ல யாருன்னு தெரியாது. பின்னாள்ல பிரிட்டன் பிரதமரான போரிஸ் ஜான்சன் டிரினிட்டி 1986. அதுலயும் பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடியே தேர்தல் முடிஞ்சுடும். பின்னாள்ல பாகிஸ்தான் பிரதமரான பெனாசிர் பூட்டோ ஜெயிச்சது 1976 டிசம்பர், பதவியில இருந்தது 1977. ஒருத்தர் 76ன்னும் இன்னொருத்தர் 77ன்னும் எழுதுறது இதனாலதான்.

'உறுப்பினர்', 'தலைவர்' வித்தியாசமும் முக்கியம். ஓயூசிஏ நடன விருந்துல, பின்னாள்ல பிரிட்டன் பிரதமரான தெரசா மேவுக்கு வருங்காலக் கணவர் பிலிப்பை அறிமுகப்படுத்தி வெச்சது அதே பெனாசிர்தான். சுவையான சேதி, ஆனா அதுக்காக மேயைத் தலைவர் வரிசையில உட்கார வெச்சுடாதீங்க.

நம்ம தமிழர் பேரும் இப்படித்தான் மாறிப்போகும். இலங்கை வெளியுறவு அமைச்சரா இருந்த லக்ஷ்மன் கதிர்காமர், ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் தலைவர், 1959. இந்திய மத்திய அமைச்சரா இருந்த மோகன் குமாரமங்கலமும் தலைவர்தான், 1938ல, ஆனா அது கேம்பிரிட்ஜ் யூனியன்.