மாசு கலந்த உலோகத்துக்குள் ஒலியைச் செலுத்தினால் மீகடத்துத்திறனைப் பற்றி என்ன தெரியவரும்?

[திரையில்: திரவ ஹீலியத்தில் மூழ்கிய வெள்ளீயப் படிகம்]

வெள்ளீயத்தை 3.72 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை மறைந்துவிடும், அதாவது அது மீகடத்தியாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வெப்பநிலையிலிருந்து அது ஒலிக்கும் வழிவிடத் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? காரீயத்தில் இவ்விளைவை 1954இல் போம்மெல் அளந்து காட்டினார்.

அளக்கும் முறை எளியது: உலோகத்தின் மேல் ஒட்டிய குவார்ட்ஸ் தகடு மீயொலித் துடிப்பை அனுப்ப, திரும்பிவரும் எதிரொலிகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று பார்க்கிறார்கள்.

அந்த ஒலியை உறிஞ்சுபவை எலெக்ட்ரான்கள். மீகடத்து நிலையில் அவை இரண்டிரண்டாக இணைசேர்கின்றன. அப்படி இணைசேர்ந்த பிறகு, இணையைப் பிரிக்கத் தேவையான ஆற்றலில் 20,000இல் ஒரு பங்குகூட 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு குவாண்டத்திடம் (மிகச்சிறு ஆற்றல் பொட்டலத்திடம்) இல்லை. ஆகவே வெப்பத்தால் இணை பிரிந்து கிடப்பவை மட்டுமே ஒலியை வாங்குகின்றன. மீகடத்துத்திறன் தொடங்கும் வெப்பநிலையில் பாதிக்கு இறங்கும்போது, எலெக்ட்ரான்களால் ஏற்படும் தேய்வில் சுமார் 7 விழுக்காடே எஞ்சுகிறது.

[திரையில்: குளிரக் குளிர இரண்டு வளைவுகள்; ஒலித்தேய்வு இறங்குகிறது, அணுக்கருச் சுழற்சியின் தளர்வு வேகம் முதலில் ஏறுகிறது]

இந்தப் படத்தில் சற்று நில்லுங்கள், ஏனெனில் என்னை இத்துறைக்குள் இழுத்ததே இந்த வேறுபாடுதான். இணையைப் பிரிக்கக் கடக்கவேண்டிய ஆற்றல் இடைவெளியின் விளிம்பில் எலெக்ட்ரான் நிலைகள் நெருக்கமாகக் குவிவதால், மீகடத்தியானவுடன் உறிஞ்சல் கூடவேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். அலுமினியத்தில் ஹெபலும் ஸ்லிக்டரும் அளந்த அணுக்கருச் சுழற்சியின் தளர்வு வேகம் (குலைந்த சுழற்சி சமநிலைக்குத் திரும்பும் வேகம்) உண்மையிலேயே அப்படிக் கூடியது. ஒலித்தேய்வோ உடனே விழுகிறது. மீகடத்தியில் இணை பிரிந்து உண்டாகும் ஒவ்வொரு கிளர்ச்சியும், விளிம்பருகே பாதி எலெக்ட்ரானாகவும் பாதி துளையாகவும் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடமாகவும்) கலந்திருப்பதால், அது சிதறுவதற்கு இரண்டு வழிகள் அமைகின்றன. அணுக்கருச் சுழற்சிக்கு அவை ஒன்றையொன்று கூட்டுகின்றன, ஒலிக்கு ஒன்றையொன்று கழிக்கின்றன, அந்தக் கழித்தல் விளிம்பின் குவிப்பைச் சரியாக ஈடுசெய்துவிடுகிறது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோர் எலெக்ட்ரான் இணைகளைக் கொண்டு மீகடத்துத்திறனை விளக்கிய 1957ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்கு இதைவிட அழகான சான்று இல்லை என்பது என் கருத்து.

இப்போது மாசுக்கு வருவோம். மாசணுக்களில் மோதி மோதி எலெக்ட்ரானின் பாதை ஒலியின் அலைநீளத்தைவிட மிகக் குறுகிவிடுவதால் மொத்தத் தேய்வு குறைகிறது, அளப்பதும் கடினமாகிறது. ஆனாலும் நெட்டலைகளுக்கு (பரவும் திசையிலேயே அதிரும் ஒலியலைகளுக்கு), மீகடத்து நிலைத் தேய்வுக்கும் இயல்புநிலைத் தேய்வுக்கும் உள்ள விகிதம் தூய உலோகத்தில் உள்ளபடியே இருக்கும் என்று 1961இல் சுனேடோ நிறுவினார். காந்தத்தன்மையற்ற மாசு இணைகளைக் குலைப்பதில்லை என்ற ஆண்டர்சனின் 1959ஆம் ஆண்டு முடிவோடு இது பொருந்துகிறது.

காந்த அணுக்கள் கலந்தால் நிலைமை வேறு. லாந்தனத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு கடோலினிய அணுக்களே மீகடத்துத்திறனை அழித்துவிடும். அழியும் தறுவாயில், மின்தடை இன்னும் பூச்சியமாக இருக்கும்போதே ஆற்றல் இடைவெளி மூடிக்கொள்ளும் ஒரு குறுகிய எல்லை உண்டு என்று அப்ரிகோசவும் கோர்கோவும் காட்டினார்கள். அவ்வெல்லைக்குள் எவ்வளவுதான் குளிர்வித்தாலும் எலெக்ட்ரான்கள் ஒலியை உறிஞ்சுவது முற்றிலும் நிற்பதில்லை.