தூக்கிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் பிடித்த நாளிலிருந்து டிரெய்லர்களோடுதான் என் பிழைப்பு. டிரெய்லர் என்றதும் நெடுஞ்சாலையில் போகும் நீளமான லோரியை நினைத்துவிடாதீர்கள். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் மாதிரி பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி, உரமூட்டை, செம்பனைக் குலை, கோயில் திருவிழா என்றால் ஜெனரேட்டர், பந்தல் கம்பி என்று இழுத்துப் போகிறோமே, அந்த டிரெய்லர்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: மாட்டிய பிறகு தூக்கிப் பாருங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. டிரெய்லரின் மூக்கில் அந்த உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் கப்ளர் இருக்கிறது. மூக்கை இறக்கி உருண்டை மேல் உட்கார வைக்கிறோம், தாழ்ப்பாளைப் போடுகிறோம், அதற்குக் குறுக்கே ‘பின்’ என்கிற இரும்பு ஆணியைப் போடுகிறோம். பெரும்பாலானவர்கள் இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்பாதீர்கள். டிரெய்லர் மூக்கில் ஒரு ஜாக்கி இருக்குமே, அதை மறுபடியும் கீழே இறக்கி நாலு சுற்றுச் சுற்றுங்கள். மூக்கோடு சேர்ந்து பிக்கப்பின் பின்பக்கமும் மேலே எழும்பினால் கவ்விவிட்டது என்று அர்த்தம். பிக்கப் அசையாமல் நிற்க மூக்கு மட்டும் தனியாக மேலே வந்தால், கப்ளர் உருண்டையைக் கவ்வவே இல்லை, சும்மா அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டு வாசலில் கழன்றுவிடாது. பாரம் அமுக்கிக்கொண்டிருக்கும் வரை அப்படியே வரும். சாலையில் முதல் மேட்டில் வண்டி துள்ளும்போதுதான் பிரியும்.

எங்கள் டிவிசனில் டிராக்டர் ஓட்டிய ஒருவர் இருந்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமா. ரப்பர் இருந்த காலத்தில் பால் தொட்டி இழுத்தவர். மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபின் குலை இழுத்தார். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பால் டின் தொங்கும். அதில் பின்களும், அந்தப் பின்னைக் கழன்றுவிடாமல் பிடிக்கும் வளைந்த கிளிப்புகளும் கிரீஸில் ஊறிக்கொண்டிருக்கும். அந்த டின்னில் வேறு யாரும் கை வைக்க முடியாது.

தோட்டத்துக்கு ஒரு பிக்கப் வந்தது. ஒரு நாள் ஆபீஸ் பையன் ஒருவன் அதில் டிராக்டர் டிரெய்லரை மாட்டி டவுனுக்குக் கிளம்பினான். பின் கிடைக்கவில்லை. கட்டட வேலையில் மிஞ்சிய கான்கிரீட் கம்பித் துண்டு ஒன்றைச் செருகிவிட்டான். மாமா பார்த்துவிட்டார். திட்டவில்லை. கம்பியை உருவினார், இரண்டு கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்தார், பெரிய சுத்தியலால் ஒரே அடி. கம்பி வில்லாக வளைந்தது. டின்னிலிருந்து தன்னுடைய பின்னை எடுத்து அதே கல்லில் வைத்து அதே அடி அடித்தார். டங் என்று சத்தம் கேட்டது, பின் அப்படியே கிடந்தது. பிறகும் அந்தப் பின்னைப் பையனிடம் கொடுக்கவில்லை. “தம்பி, டிராக்டர் நடக்குது. உன் வண்டி ஓடுது. இந்த டிரெய்லர் ஓடுறதுக்குச் செஞ்சது இல்ல” என்று சொல்லி டிரெய்லரையே கழற்றிவிட்டார்.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். டிராக்டர் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறது, பிக்கப் 90 போகிறது. வேகம் மூன்று மடங்கு. ஆனால் அந்த ஓட்டத்தில் இருக்கும் சக்தி ஒன்பது மடங்கு. நிறுத்துவதற்கு பிரேக் தின்னவேண்டியது ஒன்பது மடங்கு. டிராக்டர் டிரெய்லர்களில் முக்கால்வாசிக்கு ஸ்பிரிங் கிடையாது, பிரேக் கிடையாது, விளக்கும் கிடையாது. தோட்டத்துச் செம்மண் சாலையில் அது நல்ல வண்டிதான். பிக்கப்பின் பின்னால் அதை மாட்டித் தார்ச்சாலையில் ஏற்றாதீர்கள். சாலைக்கான டிரெய்லரை முறையாக ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்து ஓட்டுங்கள்.

சரி, உருண்டைக்கு வருவோம். கடையில் கிடைக்கும் உருண்டைகளில் 50 மில்லிமீட்டரும் உண்டு, 2 அங்குலமும் உண்டு, ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, 47.6 மில்லிமீட்டரும் உண்டு. இந்தச் சின்னதுதான் ஆபத்து. 50 மில்லிமீட்டர் கப்ளர் அதன் மேல் ஒழுங்காக உட்காரும், தாழ்ப்பாளும் விழும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வாய் விட்டுவிடும். அளவு உருண்டையின் தலையிலும் கப்ளரின் மேலும் பொறித்திருக்கும். துருவைத் துடைத்துப் படியுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிக்கப் 3 டன் இழுக்கும் என்பதற்காக 3 டன் ஏற்ற முடியாது. உருண்டை, பின், கப்ளர், சங்கிலி, டயர் என்று இந்த வரிசையில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை.

அடுத்து பாரம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே, மூக்கில் இறங்க வேண்டும். 1,500 கிலோ என்றால் 150 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடையை உங்கள் உருண்டையும் வண்டியும் தாங்குமா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். மூட்டையைப் பின்பக்கம் அடுக்கினால் மூக்கு லேசாகிவிடும், வேகம் கூடக்கூட டிரெய்லர் வாலாட்டும். முன்பக்கமே குவித்தால் பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. சரக்கில் பாதிக்குச் சற்று மேலே சக்கர அச்சுக்கு முன்னால் வையுங்கள். மூக்கின் எடையைப் பலகையும் தராசும் வைத்து அளக்க ஒரு வழி உண்டு, அதைப் படம் போட்டுத்தான் விளக்க முடியும், அதனால் விடுகிறேன். மொத்த எடையைச் செம்பனை ஆலையின் எடைமேடையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள். அப்புறம், மூக்கில் இறங்கும் 150 கிலோவும் பிக்கப் சுமக்கும் எடையில் சேர்த்திதான். பின்சீட்டில் ஆளும் தொட்டியில் சாமானும் ஏற்றும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி. இரண்டு சங்கிலியையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், இடது வலப்பக்கம், வலது இடப்பக்கம். கப்ளர் விட்டுப்போனால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல், கோத்த கைகள் ஏந்துவது போல அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும். வளைவில் திரும்பத் தேவையான அளவு தொங்கட்டும், தரையில் உரசக்கூடாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு வரும் வளையத்தில் மாட்டுங்கள். பம்பரில் மாட்டாதீர்கள், அது வெறும் தகடு.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும்போது கனத்தோடு போகிறவர்கள் மேலேயே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பாதியில் பிடிக்காமல் போகும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்போம். மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கையும் வெட்டாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ரிவர்ஸ் எடுப்பது பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வையுங்கள், டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள், மெதுவாக. பின்னால் நின்று வழி சொல்கிறவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். உரம் ஏற்றிய டிரெய்லரைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரம் இரும்பை அரிக்கும், விளக்கின் எர்த் வயரையும் விடாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது, செம்பனை நிழலில் வருஷக்கணக்கில் நின்ற டயரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டியபின் ஓரமாக நிறுத்தி, பின், கிளிப், சங்கிலி மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். வேறு யாராவது மாட்டிக் கொடுத்த டிரெய்லராக இருந்தாலும் ஜாக்கியை இறக்கித் தூக்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.