ஒன்பது மாதத்தில் இன்னொன்று

நேயர்களுக்கு வணக்கம். லண்டனைச் சேர்ந்த 'தி டேம்ன்ட்' என்ற பங்க் குழுவின் (பங்க் என்றால் முரட்டு வேகத்தில் வாசிக்கும் ராக் இசை) முதல் ஆல்பத்தை நாடா தேயத் தேயக் கேட்டவன் நான். அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான 'மியூசிக் ஃபார் பிளெஷர்' கைக்குக் கிடைத்த அன்று, பாதியில் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் ஆல்பம் 'டேம்ன்ட் டேம்ன்ட் டேம்ன்ட்' 1977 பிப்ரவரியில் வந்தது. பிரிட்டனின் பங்க் குழுக்களில் முழு ஆல்பம் வெளியிட்ட முதல் குழு இவர்கள்தான். வடக்கு லண்டனில் பாத்வே என்றொரு சின்ன ஸ்டுடியோ, எட்டுத் தடங்களில் மட்டும் ஒலிப்பதிவு செய்யும் வசதிதான். தயாரிப்பாளர் நிக் லோ. அவர் செய்த பெரிய உபகாரம் குறுக்கே நிற்காமல் இருந்தது என்பேன். பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். 'நீட் நீட் நீட்' தொடங்கும்போது பேஸ் கிட்டார் மட்டும் தனியாக உறுமும். அப்புறம் ராட் ஸ்கேபீஸின் டிரம்ஸ் வந்து விழும், மாடிப்படியில் பாத்திரங்களை உருட்டிவிட்டதுபோல. (ராட் என்றால் எலி, ஸ்கேபீஸ் என்றால் சிரங்கு. அப்படிப் பெயர் கொண்ட மனிதர் வேறு எப்படி வாசிப்பார்?) உறையில் நான்கு பேரும் முகமெல்லாம் கிரீம் அப்பிக்கொண்டு நிற்பார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அடுத்த ஆல்பம். நீள நீளமான பாட்டுகளுக்குப் பேர்போன பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் பழைய தலைவர் சிட் பாரெட்டைத் தயாரிப்பாளராகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவரோ இசையுலகை விட்டே ஒதுங்கியிருந்தார். கிடைத்தவர் அதே குழுவின் டிரம்மர் நிக் மேசன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மேசனைக் குரங்கு என்று சொல்லவில்லை; நல்ல கலைஞர். ஆனால் இன்னொரு பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜானி ராட்டன் 'பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. ஒலிப்பதிவும் ஃபிளாய்டின் சொந்த ஸ்டுடியோவான பிரிட்டானியா ரோவில்தான்.

எல்லாரும் மேசன் தலையில் பழியைப் போடுவார்கள். நானும் பல வருடம் போட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒலி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மழுங்குவதற்கு முன் பாட்டு இருக்க வேண்டுமே! முதல் ஆல்பத்தின் பாடல்கள் 1976 ஜூலையில் லண்டனில் '100 கிளப்' என்ற அரங்கில் மேடையேறிய நாளிலிருந்து அடிபட்டு மிதிபட்டுத் தேறியவை. பெரும்பாலும் எல்லாம் கிட்டார் கலைஞர் பிரையன் ஜேம்ஸ் எழுதியது. அப்புறம் அமெரிக்கப் பயணம், ஊர் ஊராகக் கச்சேரி. அந்த மனிதர் ஒன்பது மாதத்தில் இன்னொரு ஆல்பத்துக்கு எங்கே போவார்? கிணறு ஊறுவதற்குள் வாளியை விட்டுவிட்டார்கள். லூ என்ற இரண்டாவது கிட்டார் கலைஞரைச் சேர்த்தார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் நெரிசல்தான்.

உறையைப் பாருங்கள். பார்னி பபிள்ஸ் வரைந்தது. கோடுகளும் வட்டங்களும், அதற்குள் ஒளிந்துகிடக்கும் குழுவின் பெயர். அழகான ஓவியம். ஆனால் கிரீம் அப்பிய அந்த நாலு முகம் எங்கே?

முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 36ஆம் இடம் வரை போனது. இது பட்டியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்பங்களை வெளியிட்ட ஸ்டிஃப் நிறுவனம் கைவிட்டது, ஸ்கேபீஸ் கிளம்பிவிட்டார், 1978 தொடக்கத்தில் குழுவே கலைந்தது. பிறகு ஜேம்ஸ் இல்லாமல் மறுபடி கூடினார்கள். பேஸ் வாசித்த கேப்டன் சென்சிபிள் கிட்டாரை எடுத்தார். 1979இல் வந்த 'மெஷின் கன் எட்டிகெட்' பிரமாதம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

சரி, ஒன்றைச் சொல்லாமல் போனால் பாவம். அந்த இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'யூ நோ'. லால் காக்ஸ்ஹில் என்ற ஜாஸ் கலைஞர் சாக்ஸஃபோனோடு உள்ளே நுழைந்து, யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஊதித் தள்ளுகிறார். முதல் முறை கேட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.